சோதனை முடிந்தது

வீடியோ மத்தியஸ்தம் வந்துவிட்டால் உதைபந்தாட்டத்தில் சண்டை ஓய்ந்துவிடும் என்று சொல்லப்பட்டது. சொன்னவர்களில் தோற்றுப்போன அணிகளின் பயிற்றுநர்கள், முன்னாள் வீரர்கள், விளையாட்டு நிருபர்கள், தொலைக்காட்சிக்காரர் எனப் பலரும் இருந்தனர். கமரா பொய் சொல்லாது, பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தபின் சண்டை எதற்கு என்பது அவர்களது வாதம். 2018இல் அது விதிகளில் எழுதப்பட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பாவனைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னர், திங்கட்கிழமை காலையில் ரயிலிலோ தொழிற்சாலை ஓய்வறையிலோ உணவகச் சமையலறையிலோ எம்மவர் இருவர் உதைபந்தாட்டம் பற்றிக் கதைத்தால், அதில் பாதி ஆட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. கோடு எங்கே கீறினார்கள், படத்தை எந்தக் கணத்தில் நிறுத்தினார்கள், அந்தத் தள்ளலுக்குக் கூப்பிட்டவர்கள் இந்தத் தள்ளலுக்கு ஏன் கூப்பிடவில்லை, இதுதான் கதை. முன்பு மத்தியஸ்தருக்குக் கண் தெரியாது என்று ஏசினோம். இப்போது பத்துத் தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தவருக்கும் கண் தெரியாது என்று ஏசுகிறோம்.

இந்தச் சண்டையில் இரண்டு கட்சிகள் உண்டு. கருவி நல்லது, அதைக் கையாள்பவர்கள்தான் சரியில்லை என்பது ஒரு கட்சி. தூக்கி எறியுங்கள், பிழையும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான், முன்பு எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்பது மற்றக் கட்சி. இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் சண்டை பிடிக்கிறார்கள். இருவரது பார்வையும் படத்தின் மீதே இருக்கிறது. நாம் இங்கே படத்தை விட்டு ஒலியைக் கவனிக்க விரும்புகிறோம். அதற்கு எமது கைவசம் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. அதை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது எமது எண்ணம். நாடகம் எழுதுபவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய பிரதி அது.

2023 செப்ரெம்பர் 30, சனிக்கிழமை. இலண்டனின் வடக்கே ரொட்டன்ஹாம் மைதானம். எதிரணி லிவர்பூல். லிவர்பூலின் ஒருவர் ஏற்கனவே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்தார். கோல் எதுவும் விழவில்லை. 34ஆவது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடிக்கிறார். கோட்டோரத்தில் நின்ற உதவி மத்தியஸ்தர் ஓப்சைட் என்று கொடியை உயர்த்துகிறார். கோல் இல்லை. இனி வேலை அறைக்குள் இருப்பவர்களுடையது. அந்த அறை மைதானத்தில் இல்லை. இலண்டனின் மேற்கு ஓரத்தில், ஹீத்ரோ விமான நிலையத்திற்கு அண்மையில், ஸ்ரொக்லி பார்க் என்ற அலுவலகப் பூங்காவில் இருந்தது. அங்கே வீடியோ மத்தியஸ்தர், அவரது உதவியாளர், படத்தை ஓட்டிக் காட்டும் தொழில்நுட்பவியலாளர் ஆகியோர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றனர்.

படத்தை நிறுத்தினார்கள். கோட்டைப் பார்த்தார்கள். டியாஸ் ஓப்சைட் இல்லை என்பது தெரிந்தது. மயிரிழை விவகாரமும் அல்ல, வெறுங்கண்ணுக்கே தெரியும் இடைவெளி. வீடியோ மத்தியஸ்தர் திருப்தியுடன் மைதானத்திலுள்ள மத்தியஸ்தருக்குச் சொல்கிறார்: சோதனை முடிந்தது. மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். ஆகவே அவர் சொன்னதன் பொருள், கோல் சரி. மைதானத்தில் நின்றவருக்கோ கோல் மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் கேட்டதன் பொருள், மறுத்தது சரி. அவர் நன்றி சொல்லிவிட்டு ரொட்டன்ஹாமுக்கு ஃப்றீ கிக் கொடுக்கிறார். பந்து உருள்கிறது.

ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறாக விளங்குவதை வைத்து எத்தனையோ நகைச்சுவை நாடகங்கள் பிழைத்திருக்கின்றன. இதிலும் சிரிக்க இடமுண்டு. கமரா சரியாகத்தான் பார்த்தது. கோடு சரியாகத்தான் விழுந்தது. அறையில் இருந்தவர்களின் கண்ணும் சரியாகத்தான் கண்டது. கோடி கோடியாகக் கொட்டிச் செய்த ஏற்பாடு முழுவதும் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்து முடித்த பிறகு, இரண்டே சொற்களில் கவிழ்ந்தது. அந்தச் சொற்களைக் கவனியுங்கள். எதைச் சோதித்தார்கள், சோதித்து என்ன கண்டார்கள் என்று எதுவுமே அதில் இல்லை. முடிந்தது என்பது மட்டும் இருக்கிறது. அலுவலக மொழியின் இயல்பு இது. தான் கடமையைச் செய்து முடித்துவிட்டதை அறிவிக்கும், முடிவை அறிவிக்காது. சோதனை என்ற சொல்லைக் கேட்டால் எம்மவருக்கு வேறு வீதிகளும் வேறு சாவடிகளும் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. அங்கேயும் முடிந்தது, போகலாம் என்பார்கள். என்ன தேடினார்கள் என்பது கடைசி வரை தெரியாது. ‘கோல்’ என்ற ஒற்றைச் சொல்லை அவர் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

பிரதியின் உச்சம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. ஏதோ பிழை நடந்துவிட்டது என்பதை அறைக்குள் முதலில் உணர்ந்து வாய் திறப்பவர், அங்கு தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லாத தொழில்நுட்பவியலாளர். பொறுங்கள், பொறுங்கள் என்கிறார். மைதானத்தில் கொடுத்தது ஓப்சைட் அல்லவா, இதில் உங்களுக்குத் திருப்திதானா என்று கேட்கிறார். உதவியாளருக்கும் விளங்கிவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்தும் ஒரு குரல் வந்து சேர்கிறது. எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆட்டம் மறுபடி தொடங்கி ஒரு சில செக்கன்களே ஆகியிருந்தன. வீடியோ மத்தியஸ்தர் சொல்கிறார்: என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முறை அல்ல, திருப்பித் திருப்பிச் சொல்கிறார்.

புலம்பெயர்ந்து வந்த எமக்கு ஐரோப்பாவில் மிகவும் பழக்கமான வாக்கியம் இதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்துகொண்டு, எமது கடதாசியில் விழுந்த பிழையைத் தானும் ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் இதைச் சொன்ன எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். இந்த ஒலிப்பதிவில் உள்ளவரும் கொடியவர் அல்லர். குரலில் கலக்கம் தெரிகிறது. அவரது பெயரை நாம் இங்கு எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும், அவரை ஏசியதும் போதும்.

விதி என்ன சொல்கிறது? ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முந்திய முடிவை மாற்ற முடியாது என்கிறது. வீடியோ ஏற்பாட்டில் பிழை நேர்ந்தாலும் அதற்காக ஆட்டத்தைச் செல்லாததாக்க முடியாது என்றும் சொல்கிறது. இந்த விதி மூடத்தனமானதல்ல. ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி வைக்காவிட்டால் எந்த ஆட்டமும் முடியாது. ஆனால் இந்த விதி பிறந்தது ஒரே ஒரு மத்தியஸ்தர் மைதானத்தில் நின்று விசில் ஊதிய காலத்தில். அவர் கண்டது அதுவே, அவருக்குத் தெரிந்தது அதுவே, ஆகவே அதோடு நிற்கட்டும் என்பது அதன் நியாயம். உண்மை தெரிந்த ஓர் அறையும், தெரியாத ஒரு மைதானமும் என்று இரண்டாகப் பிரிந்த பிறகு, அதே விதி உண்மை தெரிந்தவரின் வாயை அடைக்கும் விதியாகிவிட்டது. ஆட்டம் 2-1 என்று ரொட்டன்ஹாமுக்குப் போனது. கடைசிக் கோல் 96ஆவது நிமிடத்தில் லிவர்பூல் வீரர் ஒருவரே தனது வலைக்குள் தட்டியது. ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்றார் லிவர்பூலின் அப்போதைய பயிற்றுநர் யேர்கன் குளொப். நடக்கவில்லை.

ஒலிப்பதிவு வெளியானது மூன்று நாள் கழித்து, ஒக்ரோபர் 3இல். இங்கேதான் எமது பிரதான கேள்வி எழுகிறது. அன்று மைதானத்தில் 60,000 பேர் வரை இருந்தனர். வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர் மறுஒளிபரப்பில் எல்லாவற்றையும் கண்டார். காசு கொடுத்து ரிக்கற் வாங்கி, ரயில் ஏறி வந்து, கதிரையில் இருந்தவருக்கே மிகக் குறைவாகத் தெரிந்தது. பெரிய திரையில் சோதனை நடக்கிறது என்று ஓர் எழுத்து வரும். பிறகு அது மறையும். நடுவில் என்ன கதைத்தார்கள், எதைப் பார்த்தார்கள், ஏன் அப்படித் தீர்த்தார்கள் என்பது இல்லை. சில ஒலிப்பதிவுகளைத் தெரிந்தெடுத்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகக் காட்டத் தொடங்கினர். மத்தியஸ்தர் நிறுவனத்தின் தலைவரே அதில் உட்கார்ந்து விளக்கம் சொல்வார். எதை வெளியிடுவது என்பதைத் தீர்ப்புச் சொன்னவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

எம்மவருக்குப் பரிச்சயமான கிரிக்கெற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1992 நவம்பரில் டேர்பனில், தென்னாபிரிக்காவுக்கு எதிரான ரெஸ்ற் ஆட்டத்தில், மூன்றாவது நடுவரால் ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் சச்சின் ரெண்டுல்கர். அதன் பின்னர் கிரிக்கெற்றில் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. சண்டைகளும் இருந்தன. ஆனால் இன்று மூன்றாவது நடுவர் படத்தைப் பார்க்கும்போது தான் என்ன பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார், வீட்டிலிருப்பவர் அதைக் கேட்கிறார். ரக்பியில் மத்தியஸ்தரின் மைக் நேயர்களுக்குத் திறந்தே இருக்கிறது. இதில் வேறொரு நியாயமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. கிரிக்கெற் பந்துக்குப் பந்து ஓய்ந்து ஓய்ந்து நடப்பது. ஓய்வில் ஒரு சோதனையைச் செருகலாம். உதைபந்தாட்டம் ஓடிக்கொண்டே இருப்பது. கோல் அபூர்வம். தொண்ணூறு நிமிடத்தில் ஒன்றோ இரண்டோ விழும். அது விழும் கணத்தில் பக்கத்துக் கதிரையிலிருக்கும் முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடிக்கலாம் என்பதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று அந்தக் கை பாதியில் நின்று திரையைப் பார்க்கிறது. இந்த இழப்பைப் பழைமைவாதிகளின் புலம்பல் என்று ஒதுக்க எமக்கு மனமில்லை.

ஆயினும் பழைய காலத்தைக் கொண்டாடுபவர்களுடன் நாம் சேரமாட்டோம். அவர்கள் தெரிந்தெடுத்தே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1986 ஜூன் 22இல் மெக்சிக்கோவில் மரடோனா கையால் தட்டிய பந்தைத் துனீசியாவைச் சேர்ந்த அலி பென்னாசர் கோல் என்றார். உலகம் அதைக் காவியமாக்கியது. ஏன்? நான்கு நிமிடம் கழித்து அதே கால்கள் இங்கிலாந்தின் பாதி அணியை வெட்டிக் கடந்து இன்னொரு கோல் போட்டன. நான்கு ஆண்டு முன்னர் மால்வினாஸ் தீவுகளில் நடந்த யுத்தத்தின் பின்னணியும் இருந்தது. எளியவன் வலியவனை ஏமாற்றினால் காவியம். அன்றைய பந்தைத் தன்னிடம் வைத்திருந்த பென்னாசர் 2022இல் ஏலத்தில் விட்டார், 2 மில்லியன் பவுண் கிடைத்தது. பிழைக்கும் நல்ல விலை போகும் போலும்!

அதே கை 2009 நவம்பர் 18இல் பாரிசில் நீண்டபோது காவியம் பிறக்கவில்லை. பிரான்சின் தியரி ஹென்றி கையால் பந்தைத் தடுத்துக் கொடுக்க, கலாஸ் கோல் போட்டார். அயர்லாந்து உலகக் கிண்ணத்திற்குப் போகும் வாய்ப்பை இழந்தது. தன் கை பட்டதை ஹென்றியே ஒப்புக்கொண்டார். பீபா பின்னர் அயர்லாந்துச் சங்கத்திற்கு 5 மில்லியன் யூரோ கொடுத்து வாயை மூடியது 2015இல் தான் வெளியே தெரிந்தது. பிழையும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே என்று டப்ளினில் ஒரு மதுக்கடையில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

பழைய பிழைகளில் ஒன்று மட்டும் இன்று இல்லாதது. பிழைக்கு ஒரு முகம் இருந்தது. 1966 இறுதியாட்டத்தில் வெம்பிளியில் ஜெஃப் ஹேர்ஸ்ற் அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா என்று சுவிஸ் மத்தியஸ்தர் கோட்டோரம் ஓடிப் போய்க் கேட்டார். அங்கே நின்ற தொஃபிக் பஹ்ராமொவ் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை மைதானம் முழுவதும் கண்டது. ஆங்கிலேயர் அவரை ரஷ்ய லைன்ஸ்மன் என்றே அழைத்தனர். அவர் அசர்பைஜான்காரர். வெளியாட்களின் ஊரைச் சரியாக விசாரித்து அறியும் பழக்கம் எங்கும் குறைவுதான். பாகு நகரில் ஒரு மைதானத்திற்கு இன்று அவரது பெயர். ஜேர்மனியர் இன்னும் மன்னிக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில் படங்களைக் கணனியில் போட்டு அளந்தவர்கள் பந்து முழுதாகத் தாண்டவில்லை என்றார்கள். இதனால் ஒருவரது கருத்தும் மாறியதாகத் தெரியவில்லை.

அளப்பது வேறு, தீர்ப்பது வேறு. இரசிகர்களின் சண்டையில் இவை இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பந்து கோட்டைத் தாண்டியதா என்பது அளவு. 2010இல் புளூம்ஃபொன்ரீனில் ஜேர்மனிக்கு எதிராக லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு அப்பால் விழுந்து எழும்பியும் கோல் மறுக்கப்பட்டது. அதன் பின்னர் 2012இல் கோல்கோட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. மத்தியஸ்தரின் மணிக்கூட்டில் ஒரு செக்கனுக்குள் செய்தி வரும். அதைப் பற்றி யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஒரு தரம், 2020 ஜூன் 17இல், அஸ்ரன் வில்லா மைதானத்தில் அது ஊமையானது. ஷெஃபீல்ட் யுனைற்றட் அடித்த பந்தைக் கோல்காப்பாளர் கோட்டுக்கு அப்பால் வைத்துப் பிடித்திருந்தார். கருவியின் ஏழு கமராக்களையும் கோல்காப்பாளரும் கம்பமும் இன்னொரு வீரரும் மறைத்துவிட்டதாகப் பின்னர் விளக்கம் வந்தது. வீடியோ அறையில் இருந்தவர்களும் தலையிடவில்லை. மணிக்கூடு ஒன்றும் சொல்லவில்லை என்பதே மைதானத்தில் முடிவாகிவிட்டது. ஆட்டம் கோலின்றி முடிந்தது. பருவ முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளியால் தப்பியது. ஒரு புள்ளி குறைந்த போர்ண்மத் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

ஓப்சைட்டும் அளவுதான், ஆனால் மோசமான அளவு. பிரீமியர் லீக்கில் வீடியோ மத்தியஸ்தம் வந்த முதற் பருவத்திலேயே, 2019 நவம்பரில், லிவர்பூலின் ஃபேர்மினோ தன் கமக்கட்டால் ஓப்சைட் ஆனார். கமக்கட்டு! தொலைக்காட்சிக் கமரா செக்கனுக்கு 50 படம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 8 மீற்றர் ஓடும் வீரர் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையில் 16 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் விழுந்தால் எதை நிறுத்துவது? பின்னர் 2022இல் கட்டாரில், கூரையடியில் 12 கமராக்களும் பந்துக்குள் செக்கனுக்கு 500 தரம் செய்தி அனுப்பும் கருவியும் வைத்து இதைச் சீர் செய்தனர். அளவு திருந்தியது. அதே கட்டாரில்தான் ஜப்பானின் மித்தோமா கோட்டுக்கு வெளியே போன மாதிரித் தெரிந்த பந்தை உள்ளே தட்ட, தனாக்கா கோல் போட்டார். பக்கவாட்டுப் படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் இடையே புல் தெரிந்தது. மேலிருந்து ஒரு புகைப்படக்காரர் எடுத்த படத்தில் பந்தின் வளைவு கோட்டின் மேல் கவிந்திருந்தது. ஸ்பெயின் தோற்றது, ஜேர்மனி வீட்டுக்குப் போனது. இரண்டு படமும் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று பார்த்தது என்பதுதான் வித்தியாசம்.

கையில் பந்து பட்டதா, தள்ளியது போதுமா, மிதித்தது வேண்டுமென்றா என்பவை அளவுக்குள் வராதவை. இங்கே விதி ஒரு சொற்றொடரைக் கொண்டு வந்தது: தெளிவானதும் வெளிப்படையானதுமான தவறு. அப்படிப்பட்ட தவறு என்றால் மட்டுமே அறை தலையிடலாம். கேட்க நல்லது. ஆனால் இது கேள்வியையே மாற்றிவிட்டது. தீர்ப்புச் சரியா என்று யாரும் கேட்பதில்லை, போதிய அளவு பிழையா என்று கேட்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு தள்ளல்களில் ஒன்றுக்குப் பெனால்டி கொடுத்ததும் மற்றதற்குக் கொடுக்காததும் இரண்டுமே செல்லும் என்று ஆகிவிடுகிறது. திங்கட்கிழமைச் சண்டையில் பாதி இதனால் வருவது. போதாததற்கு மெதுவாக ஓட்டிப் பார்ப்பதன் விளைவும் இருக்கிறது. ஒரு கொள்ளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் வீடியோவை மெதுவாகப் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களை விட, சுட்டவன் வேண்டுமென்றே சுட்டான் என்று அதிகம் நம்பியதாக 2016இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2018 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் குரோசியாவின் பெரிசிச்சின் கையை ஆர்ஜென்ரீன மத்தியஸ்தர் திரையருகே போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெனால்டி கொடுத்தார். பிரான்ஸ் 4-2 என்று வென்றது. அந்தக் கை வேண்டுமென்று போனதா என்று இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆக, படம் தீர்த்து வைக்கும் விடயங்கள் சில, தீர்க்காத விடயங்கள் பல. தீர்க்காதவற்றில் மனிதர்கள்தான் தீர்ப்பளிக்க வேண்டும். அப்படியென்றால் அந்தத் தீர்ப்பின் நியாயத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் நோர்வேயின் இரசிகர்கள்.

நோர்வேயில் வீடியோ மத்தியஸ்தம் 2023இல் வந்தது. அங்கே கழகங்கள் அங்கத்தவர்களுக்குச் சொந்தமானவை. ஆண்டுக் கூட்டத்தில் கை உயர்த்தலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். எங்களைக் கேட்காமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதே இரசிகர்களின் முதற் குற்றச்சாட்டாக இருந்தது. மைதானங்களில் ஆட்டத்தின் தொடக்கத்தில் மௌனம் காத்தார்கள். ரெனிஸ் பந்துகளை எறிந்தார்கள். 2024 ஜூலை 21இல் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் ரூசன்போர்க், லில்லஸ்ட்ரோம் அணிகள் மோதியபோது மீன் கேக்குகளே மைதானத்திற்குள் பறந்தன. எங்கள் மீன் கட்லற்றுக்குத் தூரத்து உறவான பண்டம் அது. வீணாக்கியது கவலைதான். பல தரம் நிறுத்தி நிறுத்தித் தொடங்கிப் பார்த்து, கடைசியில் ஆட்டம் கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் மீன் கேக்கைப் பற்றி எழுதிச் சிரித்தன. அந்தக் கேக்கை எறிந்தவர்களிற் பலர் மாலை நேரக் கூட்டங்களில் உட்கார்ந்து தீர்மானங்களும் எழுதினார்கள் என்பது சிரிப்புக்குள் அடங்கவில்லை.

2025 ஜனவரியில் மேலிரு பிரிவுகளின் 32 கழகங்களில் 19 கழகங்கள் வீடியோ மத்தியஸ்தத்தைக் கைவிட வேண்டும் என்றன. மார்ச் மாதம் உதைபந்தாட்டச் சங்கத்தின் பேராளர் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. வைத்திருப்பதற்கு 321, கைவிடுவதற்கு 129. இரசிகர்கள் தோற்றார்கள். பக்கத்து நாடான சுவீடனில் இதே போன்ற அங்கத்தவர் கழகங்கள் முன்னரே மறுத்துவிட்டதால், 2024இல் சங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இங்கிலாந்தில் என்ன நடந்தது? 2024 ஜூன் 6இல் வுல்வர்ஹம்ரன் கழகம் கொண்டுவந்த தீர்மானத்தின் மீது 20 கழகங்கள் வாக்களித்தன. 19க்கு 1 என்று தோற்றது. கழகங்கள் என்றால் உரிமையாளர்கள். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல முடியாது. வைத்திருக்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். எமது தனிப்பட்ட விருப்பமும், மனத்தாங்கலோடுதான், வைத்திருப்பதே. ஹென்றியின் கையை மறுபடி பார்க்க எமக்கு ஆசையில்லை. ஆனால் நோர்வேயில் தோற்றவனுக்கும் இங்கிலாந்தில் தோற்றவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னவன் எழுந்து நின்று தன் காரணத்தைச் சொன்ன பிறகு தோற்றான்.

மைக் கொஞ்சம் திறக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பெண்கள் உலகக் கிண்ணத்தில், திரையைப் பார்த்துவிட்டு வந்த மத்தியஸ்தர்கள் தமது முடிவை ஒலிபெருக்கியில் மைதானத்திற்கு அறிவித்தார்கள். இங்கிலாந்தில் இது முதன் முதலாக நடந்தது 2025 ஜனவரி 8இல், லீக் கிண்ண அரையிறுதியில். மைதானம் அதே ரொட்டன்ஹாம். எதிரணி அதே லிவர்பூல். சொலங்கே பந்தை வலைக்குள் அடித்தார். அறை பார்த்தது. மத்தியஸ்தர் ஸ்ருவட் அற்வெல் நடுவில் நின்று, 19ஆம் இலக்க வீரர் ஓப்சைட், கோல் இல்லை என்று வாயால் சொன்னார். ஓரிரு வசனம்தான், தயக்கத்தோடு. சொந்த ஊரவர் ஊளையிட்டார்கள், ஆனால் எதற்கு ஊளையிடுகிறோம் என்பது தெரிந்து ஊளையிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ரொட்டன்ஹாமின் பேர்க்வால், ஏற்கனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தவர், லிவர்பூலின் சிமிகாசை வழுக்கி வந்து வீழ்த்தினார். மத்தியஸ்தர் ஆட்டத்தைத் தொடரவிட்டார், இரண்டாவது அட்டை வரவில்லை. இரண்டாவது மஞ்சள் அட்டையைப் பார்க்கும் அதிகாரம் அன்றைய விதிப்படி அறைக்கு இல்லை. சிகிச்சை பெற்ற சிமிகாஸ் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்க, 86ஆவது நிமிடத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் அதே பேர்க்வால். லிவர்பூல் வீரர்கள் மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவர் ஏதோ பதில் சொன்னார். ஒலிபெருக்கியில் அது வரவில்லை.